கொள்கலன் என்பது யாது?

கொழும்புத் துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனைத் தெருக்களில் வாழ்வோர்க்குக் கொள்கலன் என்பது புதிய சொல்லன்று. இருபதடியும் நாற்பதடியும் நீளமுள்ள இரும்புப் பெட்டிகளை ஏற்றிய பாரவூர்திகள் துறைமுக வாயிலை நோக்கிச் செல்வதையும் அங்கிருந்து வெளிவருவதையும் அவர்கள் நாடோறும் காண்பர். அப்பெட்டியே கொள்கலன். ஒரு பொருளைத் தன்னுட் கொண்டு, அதனைக் காத்து, ஓரிடத்திலிருந்து வேறோரிடத்துக்குச் செல்வது அது. சொல்லும் பொருளும் நன்கு பொருந்தி நிற்றலின் ஐயத்துக்கு இடமில்லை.

கணினித் துறையிற் புகும் மாணவனோ இதே சொல்லை ஜாவா மொழிபற்றிய நூல்களிற் காணும்போது மயங்குகின்றான். சேர்வ்லெற் கொள்கலன், பீன் கொள்கலன், ஸ்பிரிங் கொள்கலன், டொக்கர் கொள்கலன் எனப் பல கொள்கலன்கள் அவன்முன் வந்து நிற்கின்றன. கொள்கலன் யாது என்று நோக்கினால், உறுப்புகளைக் கொண்டிருப்பது என்பர்; உறுப்பு யாது என்று நோக்கினால், கொள்கலனுள் இருப்பது என்பர். இவ்வாறு வட்டமாகச் சுற்றிவரும் விளக்கத்தால் ஒருவன் தெளிவடைதல் அரிது. இது வெறும் சொன்மயக்கமாயின் அதனைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை. வங்கிக் கணக்கு, மருத்துவப் பதிவு, மின்கட்டணம் முதலியவற்றைக் கையாளும் செய்நிரல்களை எழுதுபவன், தன் செய்நிரல் எதனுள் இயங்குகின்றது என்பதை அறியாதிருப்பின், ஒருவர் விவரம் மற்றொருவர் கண்ணிற் படவும், ஒருவர் கணக்கிற் கழிக்கப்பட்ட பணம் எவர் கணக்கிலும் சேராது மறையவும் நேரும். அவை எவ்வாறு நேர்கின்றன என்பதையும் இக்கட்டுரையிற் காண்போம்.

முதலிற் கூறவேண்டியது இது: பெயர் நம்மை ஏமாற்றுகின்றது. ஜாவாக் கொள்கலனுக்கு ஒப்புமை தேடுவோர் இரும்புப் பெட்டியை நோக்கலாகாது. அப்பெட்டி வந்திறங்கும் துறைமுகத்தையே நோக்கவேண்டும்.

1956ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆந் திகதி மல்கம் மக்லீன் என்னும் அமெரிக்கப் போக்குவரத்து முதலாளி, ஐடியல் எக்ஸ் என்ற கப்பலில் 58 பெட்டிகளை ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டன் நகருக்கு அனுப்பினார். பொருள்களைப் பெட்டியில் இட்டு அனுப்பும் வழக்கம் அதற்கு முன்னரும் இருந்ததே. உலக வாணிகத்தை மாற்றியது பெட்டி அன்று. பெட்டியின் அளவும், அதன் எட்டு மூலைகளிலும் பொருத்தப்படும் துளையுள்ள உருக்குத் துண்டுகளும் உலகெங்கும் ஒரே தரத்தினவாக வரையறுக்கப்பட்டமையே அம்மாற்றத்துக்குக் காரணமாயிற்று. பாரந்தூக்கி அம்மூலைகளைப் பற்றித் தூக்குகின்றது. உள்ளே இருப்பது தேயிலையா, தைத்த ஆடையா, மோட்டார் உதிரிப்பாகமா என்பதை அதனை இயக்குபவர் அறியவேண்டுவதில்லை. கொழும்பிலே 1980களில் ஜய கொள்கலன் முனையமும், 1999இல் தெற்காசிய நுழைவாயில் முனையமும் தோன்றின. 2018ஆம் ஆண்டில் இத்துறைமுகம் கையாண்டவை இருபதடி அலகிற் கணக்கிட்டால் 70 இலட்சத்துக்கு மேற்பட்டவை. மூட்டைகளைத் தோளிற் சுமந்து இறக்கிய காலத்தில் இத்தொகையைக் கனவிலும் கருதியிருத்தல் இயலாது.

ஜாவா உலகிலே இந்த இரும்புப் பெட்டிக்கு நேரானது யாது? வார் கோப்பு எனப்படும் பொதியே அது. நிரலாளன் தான் எழுதிய வகுப்புகளையும், அவற்றுக்கு வேண்டிய நூலகங்களையும், பக்கங்களையும் ஒருங்கே சுருக்கிக் கட்டிய பொதி. அதன் உள்ளமைப்பு விதிப்படி இருத்தல் வேண்டும். வெப்-இன்ஃப் என்ற பெயரில் ஒரு கோப்புறை இருத்தல் வேண்டும். அதனுள்ளே வகுப்புகளுக்கு ஓரிடம், நூலகங்களுக்கு ஓரிடம். வெளியார் எவரும் அந்தக் கோப்புறையினுள் இருப்பதை நேரே கேட்டுப் பெறுதல் இயலாது. பொதியின் உள்ளடக்கத்தை அறிவிக்கும் விவரணக் கோப்பு ஒன்றும் அங்கே இடம்பெறும். கப்பற் சரக்குக்கு உரிய பட்டியலைப் போன்றது அது. இவையே பொதியின் மூலைத் துண்டுகள். இப்பொதியை ஏற்று, பிரித்து, உயிர்கொடுத்து இயக்கும் பெருஞ்செய்நிரலே கொள்கலன். பெட்டிகளை அடுக்க இடம், குளிரூட்டிய பெட்டிக்கு மின்னிணைப்பு, வாயிலிற் காவல், சுங்கப் பரிசோதனை ஆகிய அனைத்தையும் துறைமுகம் அளிப்பதுபோலவே, நிரலாளன் எழுதாத பல பணிகளைக் கொள்கலன் அவனுக்கு அளிக்கின்றது.

ஜாவா என்ற பெயரைப்பற்றி ஒரு சொல். அத்தீவிற் பயிராகும் கோப்பியின் பெயரால் மொழிக்கு அப்பெயர் வந்தது. மணிமேகலையில் வரும் சாவக நாடு அத்தீவைச் சார்ந்தது என்பர். நம் சாவகச்சேரியின் பெயரையும் சாவகரோடு தொடர்புபடுத்துவோர் உளர். சன் நிறுவனத்தின் ஜேம்ஸ் கொஸ்லிங் முதலியோர் ஆக்கிய அம்மொழி 1995இல் உலகுக்கு அறிமுகமாயிற்று.

ஜாவா கற்கத் தொடங்கும் எவரும் முதல் நாளிலேயே அறிவது, ஒவ்வொரு செய்நிரலுக்கும் மெயின் என்ற தொடக்க வாயில் ஒன்று உண்டு என்பதாகும். கணினி அவ்வாயிலிற் புகுந்து, நிரலாளன் எழுதிய வரிகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றிக்கொண்டு செல்கின்றது. எங்கே போவது, எவரை அழைப்பது, எப்போது நிறுத்துவது ஆகிய அனைத்தும் அவன் கையில். அதே மாணவன் ஓராண்டின் பின்னர் சேர்வ்லெற் என்ற வலையுறுப்பை எழுதக் கற்கும்போது, மெயின் எங்கே என்று தேடுகின்றான். அஃது அங்கில்லை. இவ்வினாவை எழுப்பாத மாணவர் மிகச் சிலரே. அதற்கு விடை கூறாது அடுத்த பாடத்துக்குச் செல்லும் நூல்களோ பல.

விடை எளிதே. மெயின் மறைந்துவிடவில்லை, அது கொள்கலனிடம் உள்ளது. டொம்கற் என்ற புகழ்பெற்ற வலைக்கொள்கலனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பூட்ஸ்ட்ராப் என்னும் வகுப்பினுள்ளே அந்த மெயின் இருக்கின்றது. டொம்கற் முதலில் எழுந்து, பொதிகளைப் பிரித்து, அவற்றிலுள்ள வகுப்புகளுக்கு உருக்கொடுத்து, வலைவழி வரும் வேண்டுகோள்களுக்காகக் காத்திருக்கின்றது. வேண்டுகோள் வந்ததும் உரிய உறுப்பை அதுவே அழைக்கின்றது. நிரலாளன் எழுதியது எவரையும் தொடக்கி வைப்பதில்லை. அழைக்கப்பட்டபோது விடை கூறுகின்றது. ஆட்சி கைமாறுகின்றது. கொள்கலன் என்ற கருத்தின் உயிர்நிலை இதுவேயாகும். எழுதியவன் தன் செய்நிரலின் வாழ்வை மற்றொரு செய்நிரலிடம் ஒப்படைத்து, அதற்கு மாற்றாகப் பாதுகாப்பும் பணிகளும் பெறுகின்றான். இஃது ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தத்தின் தன் பங்கை நிரலாளன் மீறினால் இடர் விளையும்.

டொம்கற்றின் பிறப்பைச் சுருங்கக் கூறுவோம். சன் நிறுவனத்தில் ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் எழுதிய சேர்வ்லெற் இயக்கி, 1999இல் அப்பாச்சி அமைப்புக்கு வழங்கப்பட்டு, திறந்த மூலமாயிற்று. அதன் உள்ளிருக்கும் சேர்வ்லெற் கொள்கலனுக்குக் கற்றலினா என்று பெயர்.

ஒரு சேர்வ்லெற்றின் வாழ்வு மூன்று பருவங்களை உடையது. கொள்கலன் அதனை ஆக்கி ஒருமுறை மட்டும் தொடக்கச் செயலை அழைக்கும். பின்னர் வேண்டுகோள் வருந்தோறும் சேவைச் செயலை அழைக்கும். தான் மூடப்படும்போது முடிவுச் செயலை அழைத்து விடைகொடுக்கும். இங்கே கூர்ந்து கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. ஆயிரம் பேர் வந்தாலும் ஆயிரம் சேர்வ்லெற்றுகள் ஆக்கப்படுவதில்லை. வழக்கமாக உருப்படி ஒன்றே. ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் தனித்தனி இழை ஒன்றைக் கொள்கலன் ஒதுக்குகின்றது. டொம்கற்றில் வேறு ஏற்பாடு செய்யாவிடின் இவ்விழைகளின் உச்சத்தொகை 200. அத்தனை இழைகளும் ஒரே வேளையில் அந்த ஒரே உருப்படியினுள் நடமாடலாம்.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டாற் காண்போம். மின்கட்டணம் செலுத்துதற்குரிய சேர்வ்லெற் ஒன்றை எழுதியவன், வாடிக்கையாளரின் கணக்கிலக்கத்தை வைத்துக்கொள்ளும் மாறியைச் செயற்கூற்றின் உள்ளே அமையாது, வகுப்பின் பொது மாறியாக அமைத்துவிட்டான் என்று கொள்வோம். வெள்ளவத்தையிலிருந்து ஒருவர் தம் கணக்கிலக்கத்தைத் தருகின்றார். அது மாறியில் எழுதப்படுகின்றது. தரவுத்தளத்திலிருந்து நிலுவைத்தொகை வருவதற்குள் கொட்டாஞ்சேனையிலிருந்து மற்றொருவர் தம் இலக்கத்தைத் தருகின்றார். அதே மாறியில் முன்னையது அழிந்து பின்னையது எழுதப்படுகின்றது. இப்போது வெள்ளவத்தையாரின் பணம் கொட்டாஞ்சேனையார் கணக்கில் வரவு வைக்கப்படும். கணினி தவறவில்லை, கொள்கலனும் தவறவில்லை. ஒரே உருப்படியைப் பலர் பகிர்வர் என்ற ஒப்பந்த விதியை எழுதியவன் அறியவில்லை, அவ்வளவே. செயற்கூற்றின் உள்ளே அமைந்த மாறியாயின் ஒவ்வோர் இழைக்கும் தனிப்பிரதி கிடைக்கும், கலப்புக்கு இடமிராது. இத்தகைய தவறு தனியொருவர் சோதித்துப் பார்க்கும்போது ஒருபோதும் வெளிப்படாது என்பதே அதன் கொடுமை. கட்டணம் செலுத்தும் இறுதி நாளன்று, நூற்றுக்கணக்கானோர் ஒருங்கே வரும்போதுதான் அது தலைகாட்டும்.

கொள்கலன் பேணும் மற்றொரு வளம் தரவுத்தள இணைப்பு. ஓர் இணைப்பைப் புதிதாகத் திறப்பது காலமும் உழைப்பும் வேண்டும் காரியம். ஆதலாற் கொள்கலன் சில இணைப்புகளை முன்னரே திறந்து ஒரு குளத்தில் வைத்திருக்கின்றது. கேட்பவர்க்கு ஒன்றைத் தரும். அவர் மூடும்போது இணைப்பு உண்மையில் மூடப்படுவதில்லை, குளத்துக்கே மீள்கின்றது. பெற்றவன் மூட மறந்தால்? குளம் மெல்ல வற்றும். சில மணி நேரத்தின் பின் எவர்க்கும் இணைப்பில்லை. தளம் முழுவதும் அசைவற்று நிற்கும். கொள்கலனை நிறுத்தி மீண்டும் இயக்கினால் எல்லாம் சரியாகிவிட்டதுபோலத் தோன்றும். மறுநாளும் அதே நேரத்தில் அதே நிலை. நம் அலுவலகங்களிற் பல, காரணத்தைத் தேடாது நாடோறும் மீளியக்கத்தையே மருந்தாகக் கொண்டு காலங்கழிக்கின்றன.

இனி, பெருநிறுவனங்களுக்கெனக் கொள்கலன் ஆற்றும் பணிகளுட் தலையாயதைப் பார்ப்போம். அது கொடுக்கல் வாங்கலின் முழுமையைக் காத்தல். கொழும்பிலிருக்கும் ஒருவர் யாழ்ப்பாணத்திலுள்ள தம் தாயாருக்கு 25,000 ரூபா அனுப்புகின்றார். இவர் கணக்கிற் கழித்தல் ஒரு செயல்; தாயார் கணக்கிற் கூட்டல் மற்றொரு செயல். இரண்டுக்கும் இடையில் மின் தடைப்படலாம், தரவுத்தளம் மறுக்கலாம், வலை அறுந்துபோகலாம். இரண்டும் நிகழவேண்டும், அன்றேல் இரண்டும் நிகழாதிருக்கவேண்டும். பாதியில் நிற்றல் கூடாது. இதனை ஒவ்வொரு நிரலாளனும் தானே எழுதப் புகுந்தால், கழித்தலையும் கூட்டலையும் கூறும் நாலைந்து வரிகளைச் சுற்றி, தொடக்கம், முடிப்பு, மீட்பு எனப் பல மடங்கு வரிகளை எழுதவேண்டியிருக்கும். எங்கேனும் ஒரு வரி தவறும்.

1998இல் வெளிவந்த ஈ.ஜே.பி. என்னும் விதித்தொகுதி இச்சுமையைக் கொள்கலனிடம் சேர்த்தது. இச்செயற்கூறு முழுமையாக நிறைவேற வேண்டும் என்று நிரலாளன் அறிவித்துவிட்டால் போதும். தொடக்கமும் முடிப்பும் மீட்பும் கொள்கலனின் பொறுப்பு. அறிவிப்பிலும் ஆறு வகை உண்டு. ஏற்கனவே நடைபெறும் கொடுக்கல் வாங்கலில் சேர்ந்துகொள், இல்லையேற் புதிதாகத் தொடங்கு என்பது ஒரு வகை; முன்னையதை நிறுத்தி வைத்து எப்போதும் புதிதாகவே தொடங்கு என்பது மற்றொரு வகை. ஏனையவற்றை விரிக்கவேண்டுவதில்லை; நடைமுறையிற் பெரும்பாலும் பயில்வன இவ்விரண்டே.

கொள்கலன் இதனை எவ்வாறு செய்கின்றது? உறுப்பைக் கேட்பவனுக்கு அது மெய்யான உறுப்பைத் தருவதில்லை. உறுப்பைப் போலவே தோற்றமளிக்கும் பதிலாள் ஒன்றைத் தருகின்றது. வெளியிலிருந்து வரும் அழைப்பு முதலிற் பதிலாளை அடைகின்றது. அது கொடுக்கல் வாங்கலைத் தொடங்கி, பின்னர் மெய்யான உறுப்பை அழைத்து, அது திரும்பியதும் முடித்தோ மீட்டோ விடுகின்றது. வாயிலில் நிற்கும் காவலாளன் உள்ளே செல்வோரையும் வெளிவருவோரையும் குறித்துக்கொள்வது போன்றது இது. இவ்வமைப்பை அறிந்தவனுக்கு இரண்டு கண்ணிகள் தெளிவாகப் புலப்படும். அறியாதவன் இரண்டிலும் வீழ்வான்.

முதற் கண்ணி: வீட்டுக்குள்ளே ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குச் செல்பவரை வாயிற் காவலன் காணான். ஐந்நூறு ஊழியர்க்குச் சம்பளம் அனுப்பும் செயற்கூறு ஒன்று, அதே வகுப்பிலுள்ள "ஒருவர்க்கு அனுப்பு" என்ற செயற்கூற்றை ஐந்நூறு முறை அழைக்கின்றது. பின்னதற்கு, எப்போதும் புதிதாகத் தொடங்கு என்ற அறிவிப்பு உண்டு. ஒவ்வொருவர் சம்பளமும் தனித்தனியே முடிவுபெறும் என்று எழுதியவன் நம்புகின்றான். உள்ளிருந்தே எழுந்த அழைப்புகளாதலின் அவை பதிலாளைத் தொடுவதில்லை, அறிவிப்பு படிக்கப்படுவதேயில்லை. 499ஆம் ஊழியரின் கணக்கிலக்கம் பிழைபட்டு விதிவிலக்கு எழுந்தால், முன்னைய 498 பேரின் சம்பளமும் ஒருங்கே மீட்கப்பட்டுவிடும்.

இரண்டாம் கண்ணி இதனினும் கொடியது. செயலின் இடையில் விதிவிலக்கு எழுந்தால் யாவும் மீட்கப்படும் என்று பலர் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. ஜாவாவில் விதிவிலக்குகள் இருவகைய: செயற்கூற்றின் தலைப்பிலே அறிவித்தே தீரவேண்டியவை ஒருவகை, அறிவிக்காமலே எழக்கூடியவை மற்றொருவகை. ஈ.ஜே.பி. கொள்கலன், வேறு கட்டளை இல்லாதபோது, பின்னைய வகை எழுந்தால் மட்டுமே மீட்கும். முன்னைய வகையை, வணிக விதிப்படி எதிர்பார்க்கப்பட்ட ஒரு விடை என்று கருதி, கொடுக்கல் வாங்கலை முடித்துவிடும். பிற்காலத்தில் எழுந்த ஸ்பிரிங்கும் இவ்வழக்கத்தையே பின்பற்றிற்று. ஆகவே, அனுப்புபவர் கணக்கிற் கழித்தபின், பெறுபவர் கணக்கு மூடப்பட்டுள்ளது என்று அறிவிக்கும் முதல்வகை விதிவிலக்கு எழுந்தால், கழித்தது கழித்ததாகவே நிற்கும். தாயாருக்குப் பணம் சேராது, மகனுக்கும் மீளாது. மீட்கவேண்டும் என்று தனியே அறிவித்தல் நிரலாளனின் கடமை. இவ்விதி நல்ல விதியன்று என்பதே என் கருத்து. பணத்தைக் கையாளும் இடத்தில் ஐயம் எழுந்தால் மீட்பதே இயல்பாக இருத்தல் வேண்டும். முடிப்பதற்கே தனிக்கட்டளை வேண்டப்படுதல் வேண்டும். ஆயினும் விதி இதுவாக இருக்கும்வரை அறிந்தொழுகுவதன்றி வழியில்லை.

ஈ.ஜே.பி. தொடக்கத்திற் பெரிதும் போற்றப்பட்டது. 1999 டிசெம்பரில் வெளியான நிறுவன ஜாவாத் தொகுதியின் நடுநாயகமாகவும் விளங்கிற்று. ஆனால் அதன் பாரம் தாங்க இயலாததாயிற்று. ஒரு சிறு பணிக்கு மெய்யான வகுப்பு ஒன்று, இரு இடைமுகங்கள், அவற்றோடு நீண்டதொரு விவரணக் கோப்பு என எழுதவேண்டியிருந்தது. மேலும், எழுதியதைச் சோதிக்க வேண்டுமாயின் பெருங்கொள்கலன் முழுவதையும் இயக்கவேண்டும். கழித்தல் சரியா என்று பார்ப்பதற்காகத் துறைமுகம் முழுவதையும் திறக்கும் கதை அது. ரொட் ஜோன்சன் என்பார் 2002இல் வெளியிட்ட நூலில் இதனைக் கடுமையாக ஆராய்ந்தார். அந்நூலோடு வந்த நிரற்பகுதிகளிலிருந்தே ஸ்பிரிங் தோன்றி, அதன் முதற் பதிப்பு 2004 மார்ச்சில் வெளிவந்தது. கொள்கலன் என்பது பெரிய வழங்கியாக இருக்கவேண்டுவதில்லை. ஒரு நூலகமாகவும் இருக்கலாம் என்று அது காட்டிற்று. தனக்கு வேண்டிய துணையுறுப்பை ஓர் உறுப்பு தானே தேடிச் செல்லாமல், கொள்கலன் அதனைக் கொணர்ந்து கையிற் கொடுக்கும் முறையை அது பரப்பிற்று. சாதாரண வகுப்புகளே உறுப்புகளாயின, சோதனையும் எளிதாயிற்று. இக்குறைகூறலின் பயனாக 2006இல் வந்த ஈ.ஜே.பி. மூன்றாம் பதிப்பும் தன் பாரத்தைப் பெரிதும் இறக்கி வைத்தது.

இவையெல்லாம் அமெரிக்காவில் நிகழ்ந்தவை, நமக்கு இவற்றைப் பயன்படுத்துவதோடு சரி என்று நம் மாணவர் நினைத்தல் வேண்டா. 2004 ஆகஸ்ற் மாதத்தில் அப்பாச்சி அமைப்பின் அக்சிஸ் குழுவினர் கூடி, அக்சிஸ் இரண்டாம் பதிப்பின் கட்டமைப்பை வகுக்கத் தொடங்கியது கொழும்பு நகரிலேயே ஆகும். வெவ்வேறு நிறுவனங்களின் கணினிகள் ஒன்றோடொன்று செய்திகளைப் பரிமாறுதற்குரிய இயக்கி அது. 2003இல் நிறுவப்பட்ட லங்கா மென்பொருள் மன்றத்தைச் சார்ந்த இளைஞர் பலர் அவ்வாக்கத்தில் ஈடுபட்டனர். ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்திற் பணியாற்றித் தாய்நாடு மீண்ட கலாநிதி சஞ்சீவ வீரவரண அம்மன்றத்தின் முன்னோடி. 2005இல் அவரும் போல் ஃபிறீமான்ரில் முதலியோரும் தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ. 2 என்னும் நிறுவனம் அப்பணியை மேலுங் கொண்டுசென்றது.

அக்சிஸ் இரண்டு நம் பொருளுக்கு நல்லதொரு சான்று. அது தானே ஒரு வார் பொதியாக டொம்கற்றினுள் இறங்குகின்றது. இறங்கியபின் தானும் ஒரு கொள்கலனாகின்றது. சேவைகளை எழுதுவோர் அவற்றை ஆர் என்ற பொதிகளாகக் கட்டி அதனிடம் ஒப்படைப்பர். இயங்கிக்கொண்டிருக்கும் போதே பொதியொன்றை இட்டால், நிறுத்தாமலே அதனை ஏற்றுக்கொள்ளும். வரும் செய்தி ஒவ்வொன்றும் பல கட்டங்களைக் கடந்தே சேவையை அடையும். பாதுகாப்பு, செய்தி தவறாது சேர்தல் முதலிய பணிகள் அக்கட்டங்களில் இணைக்கப்படும். சேவையை எழுதியவன் அவற்றைப்பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை. செய்தி தவறாது சேர்தலைப் பேணிய பகுதிக்குச் சந்தேஷ என்று பெயர். சேவைகளுக்கிடையே கொடுக்கல் வாங்கலை ஒருங்கிணைக்க எழுந்த பகுதியின் பெயர் கண்டுல. துட்டகைமுனு மன்னனின் யானைக்கும் அப்பெயரே. உலகெங்கும் உள்ள நிரலாளர் இலங்கைப் பெயர்களைத் தம் கணினிகளில் இறக்கினர் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவதே. கொள்கலனை ஆக்கத் தெரிந்தவனே அதன் ஒப்பந்தத்தை முற்ற அறிந்தவன். அவ்வறிவு இந்நகரில் இருபதாண்டுகளாக இருந்து வருகின்றது.

இப்போது டொக்கருக்கு வருவோம். 2013இல் வெளிவந்த டொக்கர், செய்நிரலோடு அது இயங்குதற்கு வேண்டிய கோப்புகள் யாவற்றையும் ஒரே படிமமாகக் கட்டி, எந்த வழங்கியிலும் அவ்வாறே இயக்க உதவுகின்றது. உள்ளே இருப்பது ஜாவாவா, வேறு மொழியா என்பதை அது பாராது. கொடுக்கல் வாங்கலைத் தொடங்கவும் மாட்டாது. இணைப்புக்குளம் பேணவும் மாட்டாது. உண்மையில் இரும்புப் பெட்டிக்கு நேராகப் பெயர்பெற்றது இதுவே. ஆகவே, இற்றைநாளில் டொக்கர் கொள்கலன் ஒன்றினுள் டொம்கற் இருக்கும். டொம்கற்றினுள் வார் பொதி இருக்கும். பொதியினுள் ஸ்பிரிங் கொள்கலன் இருக்கும். எதனைக் கருதிக் கொள்கலன் என்கின்றார் என்பதைக் கேட்டறியாமல் விடை கூறலாகாது.

2014இல் வந்த ஸ்பிரிங் பூட் இவ்வொழுங்கைச் சற்றுப் புரட்டிவிட்டது. பொதியை டொம்கற்றினுள் இடுவதற்கு மாறாக, டொம்கற்றையே பொதியினுள் இட்டது. தன் பாரந்தூக்கியைத் தானே சுமந்து செல்லும் கப்பல்கள் உண்டு; பாரந்தூக்கி இல்லாத சிறு துறைமுகங்களுக்கு அவை உதவும். ஸ்பிரிங் பூட் அத்தகையது. மெயின் மீண்டும் நிரலாளன் கோப்பிற் காணப்படுகின்றது. அதனாற் பழைய ஆட்சி மீண்டுவிட்டது என்று கருதுவது பிழை. அந்த மெயின் செய்வதெல்லாம் கொள்கலனை எழுப்பிவிட்டு ஒதுங்குவதே. முன்னர்க் கூறிய இழை, பதிலாள், விதிவிலக்கு ஆகியவை யாவும் அங்கும் அவ்வாறே உள்ளன.

ஒப்பந்தத்தின் சொற்கள் மாறினால் என்ன நேரும் என்பதற்கு அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று சான்றாகும். 2010இல் சன் நிறுவனத்தை ஒறக்கிள் வாங்கிற்று. பின்னர் நிறுவன ஜாவா எக்லிப்ஸ் அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டு, 2018இல் ஜக்கார்த்தா என்ற பெயரைப் பெற்றது. ஜாவா என்பது ஒறக்கிளின் வணிகக் குறியாதலின் பழைய பெயரைத் தொடர்ந்து பயன்படுத்த இயலவில்லை. 2020 டிசெம்பரில் வந்த ஒன்பதாம் பதிப்பில், ஜாவக்ஸ் என்று தொடங்கிய நிறுவனப் பொதிப்பெயர்கள் யாவும் ஜக்கார்த்தா என்று தொடங்கலாயின. செயற்பாட்டில் மாற்றமில்லை, முன்னொட்டு மட்டுமே மாறிற்று. எனினும், டொம்கற் ஒன்பதில் இயங்கிய பொதி, மாற்றியமைக்கப்படாவிடின் டொம்கற் பத்தில் இயங்காது. மூலைத் துண்டின் துளை ஓர் அங்குலம் விலகினாலும் பாரந்தூக்கி பற்றாது.

இதுவரை கூறியவற்றுள் ஒன்றையேனும் மாணவர் தம் கண்ணாற் காணல் நன்று. அதற்கு எந்தச் செலவும் இல்லை. டொம்கற்றை இறக்கி, ஒரு சேர்வ்லெற் எழுதுங்கள். வருபவரின் பெயரை வகுப்பின் பொது மாறியில் இட்டு, பத்து விநாடி உறங்கச் செய்து, பின்னர் அப்பெயருக்கு வணக்கம் கூறும்படி அமையுங்கள். ஓர் உலாவியிற் கந்தன் என்று கொடுத்து, மூன்று விநாடியின் பின் மற்றோர் உலாவியில் வள்ளி என்று கொடுங்கள். இரண்டு திரைகளிலும் வள்ளிக்கே வணக்கம் வந்து நிற்கும். பிறகு மாறியைச் செயற்கூற்றினுள்ளே இடம்மாற்றி மீண்டும் செய்து பாருங்கள்.